அலாரப் பட்டியலில் லாரன்ஸ் அண்ணன் பெயர்

மக்கா, இன்று திருப்புறம் ஐஸ் பிளாண்டில் ஒரு குறும்பு செய்தேன். சிரிக்கும்படி இல்லை.

பயிற்சிக்குப் போகும் நான் கம்பிரசரை இயக்கும் புதுத் தொடுதிரையைப் பழகட்டும் என்று, ஆபரேட்டர் லாரன்ஸ் அண்ணன் தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பிரஷர் எவ்வளவு ஏறினால் அலாரம் அடிக்கும் என்ற அளவை நான் குறைத்துவிட்டேன். அலாரம் அலறியது, கம்பிரசர் நின்றது. அண்ணன் டீ கிளாஸோடு ஓடி வந்த ஓட்டத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எஞ்சினியர் வந்து அலாரப் பட்டியலைத் திறந்தார். அளவை மாற்றிய நேரம், அலாரம் அடித்த நேரம், மாற்றியவர் பெயர், எல்லாம் அதில் உண்டு. அழிக்கவும் முடியாது.

"லாரன்ஸே, உன் பேராக்கும் கிடக்கு. எதுக்கு மாத்தின?"

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "கை தவறிப் போச்சு சாறே."

நான் திரையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். கேட்டில் சைக்கிளை எடுத்தபடி கேட்டார்:

"எலே, இப்ப சிரிப்பு வரல்லியோ?"

நாளை காலை எஞ்சினியரிடம் சொல்லப் போகிறேன். அவர் அறை வாசலில் கால் நின்றுவிட்டால் பின்னாலிருந்து தள்ள ஆள் வேண்டும்.

யாராக்கும் கூட வாறது?