ஒரே தொட்டியில் இரண்டு கம்பெனித் துணி

"சும்மா கெடைக்கிற சாமான் நாளைக்கு மக்கர் பண்ணுச்சுன்னா நான் யாரு சட்டையைப் போயிப் பிடிக்க?"

இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி நடத்திய முதலாளியம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி டம்ளர் தண்ணீரில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணித் துண்டு ஒன்றைப் போட்டு, அது எவ்வளவு சீக்கிரம் அடியில் போய் உட்காருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக வெளுத்த துணி தயங்காமல் மூழ்கும். பசை போகாதது மிதக்கும். "என்னையப் பிடிங்கம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்தான், எங்கயும் ஓடிர மாட்டேன்" என்றேன். துணி மூழ்கிய பிறகுதான் நிமிர்ந்து, உட்காரச் சொன்னார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தேன். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். எனக்கு இங்கேயே பிழைக்க வேண்டும் என்ற பிடிவாதம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், தேவைக்கு மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்கிற கட்டற்ற மென்பொருளை நம்பித்தான் அந்தப் பிடிவாதம். மென்பொருளுக்கு விலை இல்லை, பொருத்திப் பராமரிக்கும் வேலைக்குத்தான் கூலி என்று விளக்கியபோது முதலாளியம்மா, "அப்பத் துணி சும்மா, தையக்கூலி ஒனக்கு" என்றார். அதைவிடச் சுருக்கமாக இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர்தான் என் முதல் வாடிக்கையாளர். அவரும் கைவிட்டால் சென்னை பஸ்தான் என்று எனக்குத் தெரியும்.

அந்த மழைக்காலத்தில் பக்கத்துக் கம்பெனியின் பாய்லர் நின்றுபோனது. இங்கே ஒருவர் பாய்லர் நின்றால் இன்னொருவர் தொட்டியில் துணியை வெளுத்துக்கொள்வது வழக்கம். தொழிலில் போட்டியாளர்கள்தான், ஆனால் ஈரத்துணி காத்திருக்காது. நானோ ஒரு தொட்டித் துணி ஒரே கம்பெனிக்குத்தான் என்று புத்தகத்தில் படித்தபடி கணினியின் இருப்புக் கணக்கை அமைத்திருந்தேன். எங்கள் தொட்டியில் வெளுத்த பக்கத்துக் கம்பெனித் துணியெல்லாம் எங்கள் இருப்பில் ஏறிவிட்டது. அதை நம்பி ஓர் ஆஸ்பத்திரி ஆர்டரை ஒப்புக்கொள்ளப் போன முதலாளியம்மா, கிடங்கை ஒரு நடை பார்த்துவிட்டு வந்தார்.

"ஏட்டி, ஒன் கம்ப்யூட்டர் சொல்லுத துணி எங்க இருக்கு? ஒளிச்சு வச்சிருக்கியா?"

நான் அந்தத் தொட்டியின் கணக்கைத் திரையில் திறந்தேன். அவரே தொடர்ந்தார். "மின்ன ஒருத்தன்கிட்ட காசு குடுத்து வாங்கிப் போட்டேன். இதே மாதிரி ஆச்சு. அதை மாத்த ஏலாது, நீங்க வேல செய்யுத விதத்தை மாத்துங்கன்னுட்டான். நீ என்ன சொல்லுத?"

"மாத்தலாம்மா. தொறந்துதான கெடக்கு."

சில நாட்கள் அந்த அலுவலகத்திலேயே உட்கார்ந்து மாற்றினேன். ஒரே தொட்டியில் எத்தனை கம்பெனித் துணி விழுந்தாலும், அவரவர் துணி அவரவர் பெயரில் பிரிந்து நின்றது. துணியை எடுக்க வந்த பக்கத்துக் கம்பெனி முதலாளி திரையைப் பார்த்தார். "இது சும்மாதானாமே, ஒரு பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க" என்றார். மாற்றச் செலவழித்தவர் முதலாளியம்மா, பிழைப்பு என்னுடையது. அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அவகிட்டக் கேளுங்க. எனக்குச் சம்மதம்."

"தாராளமா எடுத்துக்கோங்க அண்ணாச்சி" என்றேன். "பொருத்தித் தாரதுக்கும் பொறவு பாத்துக்கிடுறதுக்கும் கூலி உண்டு."

"சும்மாங்குறதுக்குக் கூலியா?"

"கெணத்துத் தண்ணி ஒங்க பாய்லருக்குச் சும்மாதான வருது" என்றார் முதலாளியம்மா. "பாய்லர்காரருக்குச் சம்பளம் குடுக்கீகளா இல்லையா?"

"குடுத்துந்தான நின்னு போச்சு" என்று அவர் சிரித்தார். ஆனாலும் மறுவாரம் என்னை வரச் சொன்னார்.

அவர் போனதும், உங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கலாமே என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். "நாளைக்கு என் துணி அவர் தொட்டியில கெடக்கும். அங்கன கணக்குச் சரியா இருந்தாத்தான எனக்கு ஒறக்கம் வரும்" என்றார். தாராள மனசு என்று அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. சுத்தமான வியாபாரக் கணக்கு. பெரிய கூட்டங்களில் இந்த மென்பொருளின் வியாபார வாய்ப்பைப் பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். பகிர்ந்தால் தனக்கே லாபம் என்பதை இவ்வளவு நிதானமாகக் கண்டுகொண்ட இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

இப்போது முதலாளியம்மா கம்பெனியை மகளிடம் விட்டுவிட்டார். நான் சென்னைக்குப் போகவில்லை. இந்த ஊரின் பல பேண்டேஜ் கம்பெனிகளில் என் கைபட்ட கணினிகள் ஓடுகின்றன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து, வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். போன வாரம், நாங்கள் செய்த மாற்றங்கள் அத்தனையையும், தமிழ்த் திரைகளோடு, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏற்றிவிட்டேன்.