ஆர்னல்ட் காரை விட்டு இறங்காத மாலை

பெண் சிநேகமாம்! ஆர்னல்ட் டெபட்டுக்கா? எதிர்வீட்டு டாட்டி கண்ணாலேயே பார்த்தாளாம். என்ன பார்த்தாள்? சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்தத்தில், காலிப் புட்டி போடும் தொட்டிக்குப் பின்னால், அந்த மனிதர் தனியாகக் காருக்குள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். தனியாக. அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, மிச்சத்தைக் கெட்டரிங் ஊர் முழுக்கப் பரிமாறிவிட்டாள்.

ஆர்னல்ட் புல்தரையில் பந்துருட்டும் கிளப்பின் தலைவர். அந்த ஆட்டத்துக்குச் சட்டை முதல் காலணிவரை எல்லாம் வெள்ளை. போன வசந்தத்தில் அவருக்குப் புரோஸ்டேட் அறுவை நடந்தது. கொஞ்ச நாள் சிறுநீரை அடக்க முடியாமல் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள உறிஞ்சுபட்டைகள் கொடுத்து அனுப்பினார்கள். அதெல்லாம் கிழவர்களுக்கு என்று அவர் அவற்றைத் தொடவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு, பால் வாங்கப் போனார். காரை நிறுத்தினார். ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான், வெள்ளைக் கால்சட்டை தொடைவரை நனைந்துவிட்டது.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் தெருவில் டாட்டியின் பேத்திக்குப் பிறந்தநாள். தெருவை அடைத்து நாற்காலி, அடுப்பில் கறி. தெருக்கோடியில் காரை விட்டுவிட்டு அத்தனை பேரையும் தாண்டித்தான் நடக்க வேண்டும். இருட்டட்டும் என்று உட்கார்ந்தார். இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு முன்னால் எங்கே இருட்டுகிறது? இடையில் ரொட்டி தீர்ந்துபோய் வாங்க வந்த டாட்டிதான் அவரைப் பார்த்தாள். அங்கே காரை நிறுத்த இரண்டு மணி நேரம்வரைதான் இலவசம் என்பது அவர் நினைவிலேயே இல்லை.

கார் மனைவி மேவிஸின் பேரில் இருந்தது. அபராதக் கடிதமும் அவளுக்கே வந்தது, கார் நுழைந்த படம், வெளியேறிய படம், நேரத்தோடு.

"ஆட்டம் இழுத்துடுச்சுன்னியே, ஆர்னி. காரு மட்டும் தனியா வேற எங்கயோ ஆடிச்சா?"

"கட்டித் தொலைச்சிடலாம், மேவிஸ்."

"ஏன் கட்டணும்? நியாயமான காரணம் இருந்தா எழுதுங்க, ரத்து பண்றோம்னு போட்டிருக்கான். சொல்லு, எழுதறேன்."

அவர் எழுந்து தட்டு கழுவப் போனார்.

"அப்ப, டாட்டி சொல்லிட்டுத் திரியறது நெசமா?"

அவர் செய்த தப்பு அங்கேதான். "ஆமான்னே வச்சுக்கோ" என்றார். நனைத்துக்கொண்டவன் என்பதைவிடக் கெட்டுப்போனவன் என்பது அவருக்கு மரியாதையாகத் தெரிந்தது!

மேவிஸ் மாடிக்குப் போய்ப் பெட்டியை இறக்கினாள். தங்கை வீட்டுக்குப் போன் போட்டாள். பெட்டி மூடும் சத்தம் கேட்டதும், தட்டு கழுவிக்கொண்டிருந்த ஆர்னல்ட் திரும்பாமலே, குழாய்த் தண்ணீரைப் பார்த்தபடி, நடந்ததைச் சொன்னார். கழுத்தெல்லாம் சிவந்துபோயிற்று.

"அந்தப் பட்டையெல்லாம் எங்க?"

"கராஜ்ல. பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி."

"அட மண்டு! நான் ரெண்டு பெத்தவ, தும்மினா எனக்கும்தான் நிக்காது. உன் அக்கா மக கல்யாணத்துல ஏன் ஆட வரலேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியே, எதுக்குன்னு நெனச்சே?"

அபராதம் போட்ட கம்பெனிக்கு அவள்தான் எழுதினாள். டாக்டர் சீட்டு வேண்டும் என்று அந்தக் கம்பெனி பதில் போட்டது. அதை வாங்கப் போன இடத்தில், வரவேற்பில் வேலை பார்க்கும் கிளப் செயலாளரின் மகள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "எதுக்காக, மிஸ்டர் டெபட்?" என்று கூடம் கேட்கக் கேட்டாள். அவர் குனிந்து மெல்ல அதையும் சொன்னார். அபராதம் ரத்தானது. வெட்கம் ரத்தாகவில்லை. எவனோ ஒருவன் மேசையில் உட்கார்ந்து அதைப் படித்திருப்பானே என்று சோறு இறங்காமல் கிடந்தார். கிளப்பிலிருந்து கூப்பிட்டால் முதுகுவலி என்றார். வாசற்பக்கமே வரவில்லை. வதந்தி கொழுத்தது. வெளியே சொல்கிறேன் என்று மேவிஸ் கெஞ்சியும் அவர் விடவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் டாட்டி அவளை வேலியோரம் நிறுத்தி, "உன்ன நெனச்சாப் பாவமா இருக்கு, கண்ணு" என்று தட்டிக் கொடுத்தாள். மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டதை, ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஆர்னல்ட் பார்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பட்டையை வைத்துக்கொண்டார். வெள்ளைக் கால்சட்டையை மாட்டினார். வாசல் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"நானும் வரட்டா?" என்றாள் மேவிஸ்.

"வேணாம். டாட்டி வாசல்லதான் இருக்கா. நானே சொல்லிடறேன்."

கதவைத் திறந்து வெளியே நடந்தார்.