அம்மா வேஷம்

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது, கோயமுத்தூரில் வானொலி நாடகத்துக்கான குரல் தேர்வில் பாஸாகிவிட்டேன். ஊர் சோமனூர். வீட்டை ஒட்டிய குடோனில் நாலு தறி ராத்திரி பகலாக ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்தவள் நான். ஒலிப்பதிவு அறைக்குள் முதல் தடவை நுழைந்து, கனமான கதவு பின்னால் மூடிக்கொண்டபோது, காதுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே பயந்தேன். ஜன்னலே கிடையாது. வெளியே வெயிலா மழையா, மணி என்ன, எதுவும் தெரியாது. என் மூச்சு எனக்கே கேட்டது. தூக்கத்தில் நடந்து வந்தவள் மாதிரி நின்றேன். மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பும்போதும் அந்த அமைதி காதோடு ஒட்டிக்கொண்டு வரும். கருமத்தம்பட்டி தாண்டியதுகூடத் தெரியாது.

அங்கே எல்லோருக்கும் அக்கா ஒருவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த தலை, தடித்த மூக்குக்கண்ணாடி. ஆனால் மைக் முன்னால் நின்றால் பதினெட்டு வயசு. இருபது வருஷமாகக் கதாநாயகி அவர்தான். என் முதல் நாடகத்தில் எனக்குக் கிடைத்தது அவருக்கு அம்மா வேஷம்! கல்யாணமாகிப் போகும் ஒரே மகளை வழியனுப்புகிற, புருஷனை இழந்த அம்மா. எனக்கு வந்ததே கோபம். குரலுக்கு நரை கிடையாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் என் வயசுக்கான வேஷத்தை அவர் பிடித்து வைத்திருப்பதாகத்தான் மனசு சொன்னது. அந்த மகள் வேஷம் எனக்கு வேண்டும், வேறெதுவும் வேண்டாம்.

அக்காவுக்கு அது தெரிந்தே இருக்கும். தெரிந்தும் ஒத்திகை நடந்த மூன்று நாளும் என்னைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

"வளையலக் கழட்டிப் பைக்குள்ள போடு கண்ணு. நீ பேசறதுக்கு முந்தி அது பேசிப்போடும்."

கஞ்சி போட்ட சேலை கட்டி வரக்கூடாது, மொடமொடவென்று மைக்கில் கேட்கும். வசனத் தாளைப் புரட்டவும் கூடாது. படித்து முடித்த பக்கத்தைக் கையிலிருந்து அப்படியே நழுவவிட வேண்டும். அது கம்பளத்தில் சத்தமில்லாமல் போய் விழும். நாடகம் முடியும்போது எங்கள் காலைச் சுற்றி வெள்ளைத் தாளாகக் கிடக்கும். அதன் நடுவில் வெறுங்காலோடு நின்று, இத்தனை நேரம் பேசியது நானா வேறு யாராவதா என்று யோசிப்பேன்.

வயசான குரல் என்று நினைத்து நான் தொண்டையை நடுக்கி நடுக்கி அழுதேன். அக்கா சிரித்துவிட்டார்.

"ஏனம்மணி, உங்கூட்டுல அம்மா இப்படித்தான் நடுங்கறாங்களா?"

"இல்லீங்கக்கா."

"வயசானவங்க குரல நடுக்க மாட்டாங்க கண்ணு. நடுக்கத்த மறைக்கத்தான் பாப்பாங்க. அழுகையும் அப்படித்தான். நீ அடக்கிட்டுப் பேசு, கேக்கறவங்க அழுதுக்குவாங்க."

தலையை ஆட்டிவைத்தேன். ஆனால் நான் காதில் வாங்கியதெல்லாம் மகளின் வசனம் மட்டும்தான். அக்கா பேசப் பேச நானும் உதட்டுக்குள்ளேயே பேசி, மூன்றாம் நாளுக்குள் முழுசாக மனப்பாடம் செய்துவிட்டேன்.

ஒலிப்பதிவு அன்று அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மகள் ஓடிவந்து கூப்பிடும் "அம்மா" மேலே ஏறும்போது உடைந்தது. வெந்நீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை கூப்பிட்டார். மறுபடியும் உடைந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். அக்கா மைக்கை விட்டு விலகி வந்தார். பிறகு தன் தாள்களை என்னிடம் கொடுத்து, என்னுடையதை வாங்கிக்கொண்டார்.

"மகள இந்தப் பிள்ள பேசட்டுங்க. அவளுக்கு எல்லாம் பாடமாயிருக்கு. அம்மாவ நான் பாத்துக்கறேன்."

பாவம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. குதிக்காத குறைதான். ஒலிப்பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கனவில் கண்ட மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது. ஒரு இடத்திலும் தடுக்காமல் பேசி முடித்தேன்.

அம்மா வேஷம்தான் கிடைத்திருக்கிறது என்று வீட்டில் ஏற்கெனவே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லியிருந்தேன். வேஷம் மாறியதைச் சொல்லவில்லை. ரேடியோவில் கேட்டு எல்லோரும் அசந்து போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒலிபரப்பான சாயங்காலம் எங்கம்மா எனக்காக நாலு தறியையும் நிறுத்தினாள். பண்டிகைக்குக்கூட அவள் அப்படிச் சேர்த்து நிறுத்தியதில்லை. தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, ரேடியோவுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, விளக்குப் போட யாரும் எழுந்திருக்கவில்லை. நான் ரேடியோவைக் கேட்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சூதானமாப் போய்ட்டு வா கண்ணு" என்று அக்காவின் குரல் சொன்னபோது, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நாடகம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிக் கண்ணு அப்படிப் பேசுனே? பெத்தவ மனசு உனக்கெப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, அது நானில்ல. அங்க இருக்கற ஒரு அக்கா பேசுனது. நான் மக. கதாநாயகியே நாந்தான்."

அம்மா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"அந்தப் பொண்ணா? அவ என்ன பேசுனான்னு நான் கவனிக்கவே இல்லியே கண்ணு. இவளும் போயிட்டா இந்தம்மா இனித் தனியா என்ன பண்ணுவாளோன்னே இருந்துச்சு எனக்கு."