மேவிஸ் போடாத ஓட்டு

ஓட்டுப் போடாதவர்களை மேவிஸ் ஸ்டௌஃபர் மன்னித்ததே இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் மதிய உணவு பரிமாறியவள் அவள். தட்டில் பட்டாணியை மிச்சம் வைத்த பிள்ளைகளை எந்தக் குரலில் அதட்டினாளோ, அதே குரலில்தான் மளிகைக் கடையில் வளர்ந்த ஆட்களையும் பிடித்துக்கொள்வாள். "போன நவம்பர் தேர்தல்ல உன்னக் காணோமே, கால் கீல் உடைஞ்சிருந்துச்சா?" என்பாள். அந்த ஆள் பால் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நெளிவான்.

நான் வார்ட், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் ஓஹையோ கிராமத்தில் வாக்குச்சாவடி என்பது மெதடிஸ்ட் சர்ச்சின் கீழ்த்தளம். கையெழுத்துப் புத்தகம் இருக்கும் மேசையில் கட்சிக்கு ஒருவராக இரண்டு பேர் உட்கார வேண்டும். அவள் ஒரு கட்சி, நான் மற்றது. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அரசியலைத் தொட்டால் சண்டை வரும் என்று தக்காளிச் செடியையும் முழங்கால் வலியையும் மட்டும் பேசிக் காலம் தள்ளினோம்.

தேர்தலுக்கு முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி அவளுக்குப் பிடிக்காது. தேர்தல் நாளன்று தன் மேசையில் கையெழுத்திட்டுத்தான் போட வேண்டும். ஆனால் 'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கரை மட்டும் காலையில் கதவைத் திறக்கும் முன்பே காலரில் ஒட்டிக்கொள்வாள்.

"வர்றவங்க கண்ணுல படணும்ல. எப்படியும் நான் போடத்தானே போறேன்."

அந்த வருடம் வாக்குச்சீட்டில் ஊர் ஆம்புலன்ஸுக்கு வரி போடலாமா என்ற கேள்வியும் இருந்தது. வரி தோற்றால் வண்டி நின்றுவிடும். அடுத்த வண்டி வெளியூரிலிருந்து வர நாற்பது நிமிடம். மேவிஸின் கணவர் ஏர்லுக்கு நெஞ்சடைத்தபோது அந்த வண்டிதான் ஆறு நிமிடத்தில் வந்து உயிரை மீட்டது.

மதியம் ஒன்றரைக்கு எனக்குப் பசித்தது. "பதினஞ்சு நிமிஷம், ஓடி வந்துடுறேன்" என்றேன்.

"போய்ட்டு வா. புத்தகத்த விட்டு நான் நகர முடியாது, நீ வந்ததும் நான் போட்டுடுறேன்" என்றாள்.

சாப்பாட்டுக் கடையில், ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை சூடாக இருந்தது. கால்பந்து பேச இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். நான் திரும்பியபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. ஆலை முதல் ஷிஃப்ட் விட்டு வரிசை மாடிப்படி வரை நின்றது. மேவிஸ் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அதன் பிறகு நாங்கள் இருவரும் தலை நிமிரவில்லை.

இரவு ஏழரைக்கு, ஓட்டு நேரம் முடிந்ததும், அவளே எழுந்து கதவை மூடினாள். இரண்டு நிமிடம் கழித்துக் கதவு தட்டும் சத்தம். கர்ட். ஆம்புலன்ஸில் வேலை பார்ப்பவன், சீருடையைக்கூட மாற்றாமல் மூச்சிரைக்க நின்றான்.

"மேவிஸம்மா, ஒருத்தருக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டியதாயிடுச்சு. ரெண்டே நிமிஷந்தானே?"

"ஏழரைக்குள்ள வரிசையில வந்து நிக்கணும் தம்பி. உனக்காக மாத்தினா நாளைக்கு எல்லாருக்கும் மாத்தணும்."

அவன் வாதாடவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

பிறகு புத்தகத்தில் இருந்த கையெழுத்துகளை எண்ணினோம். 374. வாக்குச்சீட்டும் 374. கணக்கு சரி என்று நான் பேனாவை மூடினேன். மேவிஸ் மட்டும் ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி அசையாமல் இருந்தாள். எட்டிப் பார்த்தேன். ஏர்லின் பெயருக்கு எதிரே கையெழுத்து இருந்தது. அவள் பெயருக்கு எதிரே கையெழுத்தில்லாத வெறும் கோடு.

"சீட்டு வாங்குற மிஷின் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. சட்டுனு ஒண்ணு போட்டுடு. யாரு பாக்கப்போறா?" என்று கிசுகிசுத்தேன்.

"கர்ட்ட இப்பத்தான் திருப்பி அனுப்பினேன், வார்ட்."

காலரிலிருந்து ஸ்டிக்கரை உரித்தாள். சட்டையில் பசை ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

வரிக்கு ஆதரவு 187, எதிர்ப்பு 187. மறுபடி எண்ணினார்கள், அதேதான். சமமாக வந்தால் வரி தோற்றதாகச் சட்டம்.

மூன்று வாரம் கழித்துத் தீயணைப்பு நிலையத்தில் ஊர்க்கூட்டம். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எங்கள் ஊரில் ரகசியம். ஆனால் யார் வந்தார், யார் வரவில்லை என்ற பட்டியலை எவரும் கேட்டு வாங்கலாம். தீவனக் கடை ஹார்லன் அந்தப் பட்டியலோடு வந்திருந்தார்.

"ஒரே ஒரு ஓட்டு! ஆம்புலன்ஸ்ல சம்பளம் வாங்குற கர்ட்டே வரல. அப்புறம் ஊரச் சொல்லி என்ன பண்றது?"

எல்லாத் தலையும் திரும்பியது. கர்ட்டின் காது சிவந்தது. "லேட்டாயிடுச்சு. தப்பு என்னோடதுதான்" என்றான். மேவிஸின் பெயரை அவன் எடுக்கவேயில்லை.

மேவிஸ் எழுந்தாள்.

"அவன் வந்தான் ஹார்லன். ஏழு முப்பத்திரண்டுக்கு. நான்தான் அனுப்பினேன், அது சட்டம். ஆனா நான் காலைலேர்ந்து உள்ளயேதான் இருந்தேன். நான் போடல."

பின்னால் யாரோ சிரித்தார்கள், வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று. ஹார்லன் பக்கங்களைப் புரட்டினார். புரட்டிப் பார்த்தவர் முகம் தொங்கிப்போயிற்று.

"ஏன் மேவிஸ்? உனக்கு என்ன கேடு வந்துச்சு?"

ஒரு சொல் போதும். 'வார்ட் ஆப்பிள் பை தின்னப் போனான்' என்று சொன்னால் பாதிப் பழி என் தலைக்கு வந்திருக்கும். நான் மூன்றாவது வரிசையில் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மறந்துட்டேன்" என்றாள்.

நான் எழவில்லை. இன்று வரை யாரிடமும் சொன்னதும் இல்லை. வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்பார்கள். நான் அதன் பிறகு ஆப்பிள் பையைத் தொட்டதில்லை.

மேவிஸ் வாக்குச்சாவடி வேலையை விட்டுவிட்டாள். மே மாதம் வரி மறுபடி வாக்குக்கு வந்தது. ஆறரைக்குக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக நின்றாள், அவளுக்குப் பின்னால் கர்ட். கையெழுத்திட்டாள், போட்டாள். ஸ்டிக்கரை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ போட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல. கூட்டம் கொறையட்டும்னு..."

"இப்பவே போடு. நான் இங்கதான் நிக்கிறேன்."

ஒன்றரைக்குப் போனவன் மூன்றுக்கு வந்ததைப் பற்றி அப்போதும் அவள் பேசவில்லை. மேசைக்குப் பக்கத்தில் கைப்பையைப் பிடித்தபடி நின்றாள். நான் வாக்குச்சீட்டை எடுத்துக்கொண்டு போய் வட்டத்தை நிரப்பக் குனிந்தேன்.

"அவசரமில்ல, மெதுவாப் போடு" என்றாள் பின்னாலிருந்து. "நீ வர்ற வரைக்கும் நான் போகமாட்டேன்."