கஞ்சிப் பாத்திரத்தில் சோடியம்

கல்யாணமான புதிதில் மனைவியிடம் பீற்றிக்கொண்டதற்கு இந்த வயதில் அனுபவிக்கிறேன். மட்டாஞ்சேரி வீட்டு அடுக்களையில் ஒரு நாள் கஞ்சி பொங்கி வழிந்தது. நீலமாக எரிந்துகொண்டிருந்த கேஸ் அடுப்பு சட்டென்று மஞ்சளாகிவிட்டது. சிலிண்டரில் ஏதோ கோளாறு என்று பயந்து என்னைக் கூப்பிட்டாள். நான் அப்போது எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். வீட்டுக்குள்ளேயே ஒரு மாணவி கிடைத்தால் விடுவேனா?

ஆரம்பித்துவிட்டேன். கஞ்சியில் உப்பு இருக்கிறது, உப்பில் சோடியம் இருக்கிறது. சோடியம் அணுவுக்குள் எலக்ட்ரான்கள் படிகளில் நிற்கின்றன. சூடு பட்டதும் வெளிப்படியில் நிற்கும் எலக்ட்ரான் மேல்படிக்குத் தாவும். அங்கே அதற்கு இருப்புக்கொள்ளாது, உடனே கீழே குதிக்கும். குதிக்கும்போது கூடுதலாக இருந்த சக்தியை ஒளியாக விட்டுவிடும். இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க அதற்கு அனுமதி கிடையாது. அதனால்தான் கண்டபடி நிறங்கள் வராமல் இந்த ஒரு மஞ்சள் வருகிறது. ஒரு டென்மார்க்காரர் அணுவுக்குள் இப்படிப் படிகள் இருக்கின்றன என்று சொன்னபோது பெரிய மேதைகளே தலையைச் சொறிந்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் படிகளின் உயரம் வேறு, ஆகவே ஒளியும் வேறு. சூரியனில் என்ன இருக்கிறது என்பதைக்கூட அங்கே போகாமல் ஒளியைப் பிரித்துப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். கரண்டியும் கையுமாக நின்று அவள் முழுவதையும் கேட்டாள்.

"அப்போ கேஸுக்கு ஒரு கொழப்பமும் இல்லை, அவ்வளவுதானே?" என்றாள். என் முகம் தொங்கிவிட்டது. ஆனால் அவள் ஒரு வரியைக்கூட மறக்கவில்லை என்பது நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.

ஓய்வோடு ரத்த அழுத்தமும் வந்து சேர்ந்தது. கலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் கருவியின் முள்ளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்து, "மாஷுக்கு இனி உப்பு வேண்டா. தீரெ வேண்டா" என்று இந்த வாத்தியாரின் உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை. என் அண்ணா இதே அழுத்தத்தில்தான் போனார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மன்னி இப்போது ஆலுவாவில் தனியாக இருக்கிறாள். அன்று முதல் நான் குளியலறையில் கொஞ்சம் நேரம் கூட இருந்தாலும் என் மனைவி கதவைத் தட்டுவாள்.

டாக்டர் சொன்ன அன்றிலிருந்து ராத்திரிக் கஞ்சிக்கு அடுப்பில் இரண்டு பாத்திரம். பெரியது எனக்கு, உப்பில்லாமல். சின்னது அவளுக்கு. "விலக்கு உங்களுக்காக்கும், எனக்கில்லை. நீங்க பாத்து ஏங்க வேண்டாம்னு நான் உள்ளேயே சாப்பிட்டுக்கறேன்" என்றாள். ஆக, நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்து விழுங்க வேண்டும். உப்பில்லாத கஞ்சிக்கு ஒரு குணம் உண்டு. வாயில் போட்ட பிறகும் போட்ட மாதிரியே இருக்காது. கூட வரும் பயறும் அதே ஜாதிதான். கோபம் கோபமாக வந்தது. அணுவைப் பற்றி ஆயிரம் பேருக்குப் பாடம் சொன்னவனுக்கு ஒரு சிட்டிகை சோடியம் இல்லை என்றால் என்ன நியாயம்?

ஒரு சாயங்காலம் அவள் கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் உள்ளே போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த என் கஞ்சியில் ஒரு பிடி உப்பைப் போட்டுவிட்டேன். பதற்றத்தில் தட்டைப் போட்டு மூடித் தொலைத்தேன். கஞ்சி பொங்கிவிட்டது.

"ஏன்னா, அடுக்களைச் சுவரெல்லாம் மஞ்சளா இருக்கே!" என்றாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

நான் விடவில்லை. இது காயலோரத்து ஊர், காற்றிலேயே உப்பு இருக்கிறது, பாத்திரத்தின் வெளியே ஒட்டியிருந்த வேர்வைகூட மஞ்சள் காட்டும், சோடியம் துளியூண்டு இருந்தாலே போதும் என்று வாதாடினேன். சொன்னது அத்தனையும் உண்மைதான். அவள் எழுந்து வந்து, இன்னொரு பாத்திரத்தில் உப்பில்லாமல் கொஞ்சம் கஞ்சியைக் கொதிக்கவைத்து, வேண்டுமென்றே பொங்கவிட்டாள். தீயில் இரண்டு மூன்று மஞ்சள் பொட்டு மின்னி மறைந்தது. பிறகு என் கஞ்சியை ஒரு கரண்டி அதில் ஊற்றிப் பொங்கவிட்டாள். அடுப்பு முழுக்கச் செண்பகப் பூ பூத்த மாதிரி மஞ்சள்.

"சூரியன்ல இருக்கறது தெரியறது, நம்மாத்து அடுக்களையில இருக்கறது தெரியாதோ?"

ஒப்பிட்டுப் பார், ஒப்பிட்டுப் பார் என்று என் மாணவர்களிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒருத்தன் செய்ததில்லை. இவள் செய்துவிட்டாள், அதுவும் எனக்கு எதிராக. உப்பு இனி நாக்கில் படாது என்று தன் தலைமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். உப்பு ஜாடியும் எங்கோ ஒளிந்துகொண்டது.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். பொறாமையை அடக்க முடியவில்லை. உள்ளேயிருந்து அவள் கஞ்சி குடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். என்மேல் அரசாங்கம் நடத்துகிறாளே, அவள் எவ்வளவு போட்டுக்கொள்கிறாள்? கையும் களவுமாகப் பிடித்து, 'உனக்கும் பிரஷர் வரும், தெரியுமா?' என்று ஒரு பிரசங்கம் செய்ய ஆசைப்பட்டேன்.

அவள் கோயிலுக்குப் போன ஒரு மாலையில் சந்தர்ப்பம் வாய்த்தது. சின்னப் பாத்திரம் மூடி வைத்திருந்தது. ருசி பார்க்க முடியாது, நாக்குக்குச் சத்தியம் இருக்கிறது. தீக்கு ஒன்றும் இல்லையே! ஒரு ஸ்பூனின் காம்பை அடுப்பில் காட்டி, பழைய மஞ்சள் எல்லாம் எரிந்து போகும்வரை சுத்தம் செய்தேன். அவள் கஞ்சியில் தோய்த்துத் தீயில் நீட்டினேன்.

ஒரு பொட்டு மின்னியது. அவ்வளவுதான். தீ நீலமாகவே நின்றது.

சரியாகத் தோய்க்கவில்லை என்று கிளறிவிட்டு மறுபடி செய்தேன். நீலம். ஸ்பூன்மேல் சந்தேகம் வந்தது. சோதிக்க உப்பு வேண்டும், ஜாடியோ கண்ணில் படவில்லை. நெற்றி வேர்வையை வழித்து நீட்டினேன். ஜொலித்தது மஞ்சள். கருவியில் கோளாறு இல்லை. காம்பைச் சுட்டு, பாத்திரத்தின் அடிவரை விட்டுத் தோய்த்து மூன்றாம் முறையும் பார்த்தேன். நீலமேதான். ஸ்பூன் கையைச் சுட்டது கூட எனக்கு உறைக்கவில்லை. பிடித்தால் பிரசங்கம் என்று தயாராக வைத்திருந்தவன், அடுப்பைப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று விழித்தேன்.

வாசற்கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவள் நெற்றியில் சந்தனத்தோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். ஸ்பூனைப் பார்த்தாள், திறந்து கிடந்த தன் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"அந்த டாக்டர் சொன்ன அன்னிலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க என்ன சொல்லுவேள்னு எனக்குத் தெரியாதா? 'எனக்காக நீ ஏன் கஷ்டப்படணும், ரெண்டு பேருக்கும் ஒரு நுள்ளு உப்பு போட்டுடு'ம்பேள். நானும் மனசு கேக்காம போட்டுடுவேன்."

சரியாக அதைத்தான் சொல்லியிருப்பேன், அதே வார்த்தைகளில். வெட்கமும் பிரியமும் ஒன்றாக வந்து முட்டின. "நீயாவது போட்டுச் சாப்பிட்டிருக்கலாமே. உனக்கு என்ன வந்தது?" என்றேன்.

அவள் என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கி, அடுப்பை அணைத்தாள்.

"மன்னி இப்போ உப்பு போட்டுத்தான் சாப்பிடறா, ஆலுவாவில ஒத்தையா உக்காந்துண்டு. எனக்கு அந்த ருசி வேண்டாம்."