காலி சீட்டை நம்பாதவள்

அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கியதில் அது தேய்ந்துபோய், வேன் அக்கா என்பதே நிலைத்துவிட்டது. மூன்று வயசுப் பிள்ளைக்கும் அக்கா, அந்தப் பிள்ளையின் தாத்தாவுக்கும் அக்கா. குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முன்சீட்டில் நின்றபடி ஓர் அதட்டல் போட்டால், பின்சீட்டில் சண்டை போடுகிறவன் மட்டுமல்ல, பக்கத்தில் போகிற ஸ்கூட்டர்காரரும் ஒழுங்காக உட்காருவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு மத்தியானம், எல்லாரையும் இறக்கியாயிற்று என்று வேனைப் பூட்டிவிட்டுப் போனார்கள். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பொடியன் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். டிரைவர் மறந்துவைத்த சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பி வந்ததால் பத்து நிமிஷத்தில் தெரிந்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து தண்ணீர் கேட்டான், அவ்வளவுதான். இவளுக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து வேன் காலியான பிறகு கடைசி வரிசையில் ஆரம்பித்து, ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்து, கையால் தட்டி, "காலி, காலி" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வருவாள். டிரைவர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். நாலு பேரும் கிண்டல் பண்ணினார்கள். "காலி சீட்டை நம்பக் கூடாது தம்பி" என்பதுதான் நாலு பேருக்கும் அவள் சொன்ன பதில்.

வீட்டுக்காரர் ரொட்டிக்கடையில் அடுப்பு மாஸ்டர். இருபத்தெட்டு வருஷம் அனலுக்கு முன்னால் நின்ற மனுஷன். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் என்றைக்கோ முடிந்துபோன ஒரு காலண்டர் தொங்கும். அதில் ஒரு கரடி. படம் முழுக்கப் புகை படிந்து, கரடி எது, கரி எது என்று தெரியாது. ஆனாலும் அதைக் கழற்ற விடமாட்டார். கரடியை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும், அதுவும் கூண்டில் இல்லை, அதன் இடத்தில் என்பது அவருடைய ஆசை. நகை கேட்காத பெண்டாட்டியும் வீடு கேட்காத புருஷனுமாக வாழ்ந்த அந்தக் குடும்பத்தில் ஆசை என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்தக் கரடிதான். அந்த வருஷம் முதலாளி அடுப்பை இடித்துக் கட்டக் கடையை மூடிய வாரமும் பள்ளிக்கூட விடுமுறையும் ஒன்றாக வந்தன. இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. விடுதியின் மொட்டை மாடியில் மூன்று கால் வைத்த தொலைநோக்கி. எதிரே, ஆற்றைத் தாண்டியதும், படிப்படியாக ஏறும் பாறைச்சரிவு. விடுதிக்காரர் அளந்து பேசுகிறவர். வந்த உடனே ஒரே ஒரு விதி சொன்னார்: மாடியில் சத்தம் கூடாது, இருமல் வந்தால் கூடக் கீழே போய் இருமிவிட்டு வர வேண்டும். வேன் அக்கா தலையாட்டினாள். அவள் வாயை மூடிக்கொண்டு இருப்பதே பார்க்க வேண்டிய காட்சிதான் என்றார் வீட்டுக்காரர்.

முதல் நாள் காலையிலேயே எதிர்ச்சரிவில் மலையாடுகள் வந்தன. மற்றவர்கள் அழகு, அழகு என்று முணுமுணுத்தார்கள். இவள் எண்ணிவிட்டாள். இருபத்து மூன்று. சாயங்காலம் இருபத்து மூன்று. மறுநாளும் அதே. அதற்குள் பேரும் வைத்தாயிற்று. தாடி வைத்த பெரிய கிடா ஹெட்மாஸ்டர். காரணமே இல்லாமல் முட்டிக்கொள்ளும் இரண்டும் ஜன்னல் சீட்டுக்காரர்கள். எல்லாம் மேலே ஏறிய பிறகு ஆடி அசைந்து வரும் ஒரு குண்டு ஆடு கடைசி பெஞ்ச். தின்கிற ஜாதி, அதுதான் நடக்க முடியவில்லை என்று அதன் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். ஆட்டைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். அவர் கண் முழுக்க நாலாம் நாள் மேல் இருந்தது. அன்று காலை மேல்காட்டுக்கு ஒரு ஜீப் போகும். கரடி பார்க்க அது ஒன்றுதான் வழி. இரண்டு இடம் சொல்லிவைத்திருந்தார். மத்தியானம் ஊருக்கு பஸ்.

நாலாம் நாள் விடிந்ததும் வேன் அக்கா மாடிக்குப் போனாள். எண்ணினாள். இருபத்து இரண்டு. மறுபடி எண்ணினாள். கடைசி பெஞ்சைக் காணவில்லை.

விடுதிக்காரரிடம் ஓடினாள். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "காட்டுல எண்ணிக்கை குறையத்தாம்மா செய்யும்" என்றார். அந்த ஒரு பேச்சில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் நேற்று நடந்த மாதிரி வந்து நின்றது. ஆடு அவள் ஏற்றிவிட்ட ஆடு இல்லை, அவளை நம்பி யாரும் அனுப்பிய ஆடும் இல்லை. இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனாலும் எண்ணியவள் அவள்தானே.

கீழே ஜீப் ஹாரன் அடித்தது. நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்றாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஓர் ஆட்டுக்காகவா என்று கேட்டார். இருபத்தெட்டு வருஷம் என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் நிறுத்திக்கொண்டு விறுவிறு என்று படி இறங்கினார். ஜீப் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதோடுதான் தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் வீட்டுக்காரர் நிற்கிறார். ஜீப் அவர் இல்லாமல் வளைவில் போய்க்கொண்டிருந்தது. அவள் ஏன் என்று கேட்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி, தேடு என்றார்.

பாறைச்சரிவு படிப்படியாக இருந்தது என்று சொன்னேனே, அவளுக்கு அது இப்போது வரிசை வரிசையாகத் தெரிந்தது. ஆட்டைத் தேடுவதை விட்டாள். கடைசி வரிசை, அதாவது உச்சியில், ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள். வெறும் பாறைதானே என்று எதையும் விடவில்லை. ஒவ்வொரு பாறைக்கும் அடியில் இருக்கும் நிழலைப் பார்த்து, "காலி" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். ஐந்து வரிசை காலி. ஆறாவது வரிசையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில், நிழலுக்குள் நிழலாக, கடைசி பெஞ்ச் படுத்திருந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். அவள் வயிற்றோரம் ஈரம் காயாத ஒரு குட்டி, நாலு காலையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தது. தீனி இல்லை, பிள்ளை. பத்தொன்பது வருஷம் பிள்ளைகளோடு பழகியும் இது தெரியாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டும்போதே சிரிப்பாகவும் வந்தது.

ஆனாலும் வேலையைப் பாதியில் விடும் பழக்கம் அவளுக்கு இல்லை. மிச்ச வரிசைகளையும் பார்த்தாள். ஒன்பதாவது வரிசையில் ஒரு கறுப்புப் பாறை. மூன்று நாளாக அங்கே அப்படி ஒன்று கிடையாது. அது அசைந்தது.

"ஏங்க," என்றாள் மெதுவாக, "இங்க வாங்க. உங்க காலண்டர் வந்திருக்கு."

அவர் கண்ணை வைத்தவர்தான், அப்புறம் எடுக்கவில்லை. மூச்சு விடுகிறாரா என்றுகூடச் சந்தேகம். பாறைகளைப் புரட்டிப் புரட்டி எதையோ தின்றுகொண்டு கரடி ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. எட்டாவது வரிசை. ஏழாவது வரிசை. குட்டி இருக்கிற பாறைக்கு நேர் கீழே வந்து மூக்கைத் தூக்கியது.

விடுதிக்காரரின் விதியெல்லாம் வேன் அக்காவுக்கு மறந்தே போயிற்று.

"ஏய்! யாரு அங்க சீட்டை விட்டு ஏறி வர்றது? உட்காரு!"

பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. இருபத்து இரண்டு ஆடும் தலை தூக்கின. கரடி உட்காரவில்லை, பின்னங்காலில் நிமிர்ந்து எழுந்து நின்றது. வெயில் மார்பில் விழ, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, யார் கூப்பிட்டது என்று நேராக மாடியைப் பார்த்தது. "உட்காருன்னு சொன்னேன்ல" என்றாள் இன்னொரு தடவை. கரடி நாலு காலில் இறங்கி, வந்த வழியே, ஏச்சு வாங்கிய பையன் மாதிரி திரும்பிப் பார்த்துப் பார்த்துக் காட்டுக்குள் போயிற்று. வீட்டுக்காரர் தொலைநோக்கியைப் பிடித்தபடியே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். படியேறி ஓடிவந்த விடுதிக்காரர் திட்டத்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜீப்பில் போனவர்கள் மத்தியானம் திரும்பினார்கள். கரடி போட்ட சாணத்தைப் படம் எடுத்து வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லக் கூடாது என்று இருந்தார். அரை நிமிஷம் இருந்தார்.

பஸ் கிளம்பும் முன் கடைசியாக ஒரு தடவை எண்ணிவிட்டு வந்தாள். இருபத்து நாலு. ஏறி உட்கார்ந்த பிறகுதான் காலையில் விட்ட கேள்வியைக் கேட்டாள்: அத்தனை வருஷ ஆசையை விட்டுவிட்டு ஜீப்பிலிருந்து ஏன் இறங்கினீர்கள்?

அவர் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

"பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. காலி சீட்டை நம்பக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ. குனிஞ்சு பார்த்தேன். நீ இல்ல. இறங்கிட்டேன்."