வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு

தென்கொரியாவின் தேகு நகரத்துச் சுரங்கக் கடைத்தெருவில் அழகுப்பொருள் கடையொன்றின் விற்பனைக்காரி ஓக்பூன். பதினோரு வருஷமாக முகத்தில் பூசும் எந்த வைட்டமின் சி சீரத்தையும் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டாமல் அவள் விற்றதில்லை. நிறம் கறுத்தால் சத்து செத்தது என்பது அவள் கணக்கு.

அன்று முதலாளியம்மா மிரான், மாதக்கணக்கில் கண்ணாடி அலமாரியின் விளக்குச் சூட்டில் நின்ற சீரம் புட்டிகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

“நிறத்தக் கேட்டா, ஜேஜு தீவு ஆரஞ்சு கலந்ததுன்னு சொல்லு. வேற எதுக்காவது வாயத் தொறந்த, நாளைக்கு இந்தப் பக்கமே வராத.”

சற்று நேரத்தில் ஒரு பெண் வந்து அதில் ஒன்றையே எடுத்தாள். “அக்கா, இது நல்லா இருக்குமா?”

மிரானின் பார்வை முதுகைத் துளைத்தது. ஓக்பூன் வாயைத் திறக்கவில்லை. தாளில் ஒரு சொட்டு விட்டாள். பார்லி டீயின் பழுப்பு நிறத்தில் பரவியது. பிறகு, வெளிச்சமும் காற்றும் புகாத பம்ப் புட்டியிலிருந்து இன்னொரு சொட்டு விட்டாள்; அது தண்ணீராய்த் தெளிந்து நின்றது. அந்தப் பெண் இரண்டாவதை வாங்கிப் போனாள்.

“உன் வேல போச்சுடி!” என்று சீறினாள் மிரான்.

ஓக்பூன் ஏப்ரனை மடித்து வைத்துவிட்டு நடந்தாள். வாசலில் திரும்பிப் பார்த்தாள். தனக்கென்று ஒரு புட்டியை எடுத்த மிரான், வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.